பெரியம்மா வளைவு

அக்காவின் முகத்தைவிட அவருடைய முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த முதுகைப் பார்த்தபடியே சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். சாயம் போன மஞ்சள் சட்டை, அதன் நடுவில் வியர்வை வரைந்த ஒரு தீவு, ஹெல்மெட்டுக்குக் கீழே எலிவால் போல ஒரு பின்னல். அந்தப் பின்னலின் நுனியில் மற்றவர்களைப் போல ரப்பர் பேண்ட் போட மாட்டார். தன் கடையில் விற்கிற, குழாய் இணைப்பில் போடுகிற கறுப்பு வாஷரை மாட்டியிருப்பார். “இது அறுந்துச்சுன்னா நான் கடையவே மூடிடறேன்” என்பார். அது அறுந்து நான் பார்த்ததில்லை.

முதுகுக்கு அடுத்தபடியாக இடது கை. சைக்கிளில் வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அதனால் முதல் ஆள் பள்ளத்தைப் பார்த்தால் கையைத் தாழ்த்தி விரலால் காட்டிக் குரல் கொடுப்பார். இரண்டாவது ஆளும் அப்படியே காட்டிக் குரல் கொடுப்பார். மூன்று, நான்கு என்று அது கடைசி ஆள் வரைக்கும் போகும். எங்களுக்கு இருந்த விதி ஒன்றே ஒன்றுதான். கை நீண்டால் முதலில் பின்னால் கடத்து, ஏன் எதற்கு என்பதையெல்லாம் கோப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்.

மற்ற குழுக்களில் “ஹோல்!” என்று கத்திவிட்டுப் போய்விடுவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. “எல்லாத்துக்கும் ஹோல் ஹோல்னா எந்த ஹோலுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். சாலை நடுவே வட்டமாகக் கிடக்கும் இரும்பு மூடி மழையில் வழுக்கும், அது தோசைக்கல். சின்னச் சின்னதாக வரிசையாக இருந்தால் பணியாரம். தார் நீளவாக்கில் பிளந்து சக்கரத்தைக் கவ்வப் பார்க்கிற வெடிப்புக்கு உண்டியல் என்று பெயர், உள்ளே போனது திரும்பி வராது என்பதால். ஆளையே தூக்கி எறியக்கூடிய பெரிய பள்ளங்களுக்கு உறவுமுறை வைத்து மரியாதை செய்தார். மண்டாய் சாலையில் ஒரு சித்தப்பா இருந்தார். கிராஞ்சி தாண்டி, பண்ணைகள் இருக்கும் சாலையில், ஒரு மழைமரத்து வளைவில் பெரியம்மா இருந்தார்.

அக்காவின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சொல்லப்போவதும் இல்லை. அவர் எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதற்கு இது பதில் மரியாதை. எல்லோரையும் குடியிருக்கும் பேட்டையின் பெயரால்தான் கூப்பிடுவார். நான் யீஷூன். எனக்குப் பின்னால் வருகிற சீனப் பெரியவர், டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர், தோ பாயோ. அவருக்குப் பின்னால் உட்லண்ட்ஸ். தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் இன்ஜினியராக இருக்கும் தம்பி. கடைசியில் பெடோக். மலாய்க்காரப் பெண், மருத்துவமனையில் தாதி, வரிசையின் வால் எப்போதும் அவர்தான். ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேல் போகக்கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். அதனால் எங்கள் சைக்கிள் சங்கத்தில் எத்தனை பேர் வந்தாலும் ஐந்து ஐந்தாகப் பிரிந்துதான் போவோம். எங்கள் ஐந்து பேரும் எப்போதும் ஒன்று.

நாங்கள் அவரைப் பைப் அக்கா என்று கூப்பிட்டோம். ஜாலான் புசாரில் அவருக்குக் குழாய்ச் சாமான் கடை. ஒருமுறை வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று போயிருந்தேன். பளபளப்பான ஒரு குழாயைக் கையில் எடுத்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டார்.

“இது கண்ணுக்குத்தான் அழகு. உள்ள வாஷர்தான் போயிருக்கும், வாஷர மாத்து.”

“அக்கா, இப்படி வியாபாரம் பண்ணா கடை எப்படி ஓடும்?”

“ஓடுது லா. நீதான் ஓட மாட்டேங்கற. போன வாரம் மண்டாய் மேட்டுல உன் மூச்சு எனக்கு முன்னாடி போய் உக்காந்திருந்துச்சு.”

அவர் பேச்சு இப்படித்தான். என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குத் தே தாரிக் தேநீர் இறங்காது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அலுவலகத்தில் காப்புறுதி விண்ணப்பங்களோடு நாள் முழுக்கப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையாவது வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் சைக்கிளுக்கு வந்தேன். அதற்காக அவர் எனக்குப் பூட்டு என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தார்.

நான் முதன்முதலாக வந்த அன்றே பெரியம்மாவின் மடியில் விழுந்தேன். அந்த வளைவில் மழைமரத்தின் வேர் தாரைத் தூக்கியிருந்தது, தூக்கிய இடத்தை ஒட்டிச் சட்டி போல ஒரு பள்ளம். இந்த ஊரில் குழிக்கு ஆயுசு கம்மி. இன்று விழுந்தால் நாளை மறுநாள் ஆள் வந்து மூடிவிடுவார்கள். ஆனால் அந்த வேர் விடாப்பிடியான வேர். மூட மூடத் தூக்கிக்கொண்டே இருந்தது. அக்கா கையைக் காட்டினார், நான் கையைப் பார்த்தேன், குழியைப் பார்க்கவில்லை. அடுத்த நொடி புல்லில் கிடந்தேன். முழங்கையைத் துடைத்துவிட்டபடியே சொன்னார், “பெரியம்மா வீட்டு வாசல்ல கும்பிடாம போனா இப்படித்தான். அடுத்த தடவ ஒதுங்கிப் போ.”

அந்தப் பெயர் பிறந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வளைவில் “பெரியம்மா!” என்று அக்கா குரல் கொடுப்பார். நான் சொல்வேன். தோ பாயோ தன் சீன நாக்கால் “பெலியம்மா!” என்பார். உட்லண்ட்ஸ் ஊர்த் திருவிழாவில் சாமி கூப்பிடுகிற மாதிரி இழுத்துச் சொல்வான். கடைசியில் பெடோக்கின் மெல்லிய குரல். நான்கு குரலும் அடங்கிய பிறகுதான் அக்காவின் முதுகு கொஞ்சம் தளரும். அதை நான் அப்போதே பார்த்திருக்கிறேன், ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

விடிவதற்கு முன் தேக்கா சந்தையில் கூடுவோம். பூக்கடைக்காரர்கள் மல்லிகை மூட்டைகளைப் பிரிக்கும் நேரம். நேராக வடக்கே கிளம்பாமல், சிராங்கூன் சாலையில் பூக்கடைகளை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அக்காவின் சட்டம். “மணம் ஏத்திக்கிட்டுப் போலாம்” என்பார். அந்த மணம் தாம்சன் சாலை வரைக்கும் எங்களோடு வரும், அல்லது வருகிறது என்று நினைத்துக்கொள்வோம். பிறகு வீடுகள் குறைந்து மரங்கள் கூடும். மண்டாய் பக்கம் காட்டின் ஈரம் முகத்தில் ஒட்டும். தெருவிளக்குகள் பனிக்குள் பால் கலந்தது போல எரியும். எங்கள் சக்கரங்களின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. நான் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறேனா, ஓட்டிக்கொண்டே கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாத நேரம் அது. எதிரே மஞ்சள் முதுகும் அந்தக் கையும் மட்டும் நிஜமாக இருக்கும்.

கைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வேறு எந்தக் குழுவிலும் நான் பார்க்காதது. பார்க்கத் தகுந்த ஏதாவது வந்தால் அக்கா உள்ளங்கையை விரித்து விரல்களை அசைப்பார். நீர்த்தேக்கத்தின் மேல் தாழப் பறக்கிற கொக்கு, சாலையைக் கடக்கும் உடும்பு, தெம்புசு மரம் பூத்து அடிக்கிற வாசனை, எதுவாக இருந்தாலும் அந்தச் சைகைதான். அதையும் பின்னால் கடத்த வேண்டும். கஷ்டம் என்னவென்றால், கை பெடோக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் கொக்கு போயிருக்கும். “எவ்ரி வீக் ஒன்லி ஹேண்ட், நோ பேர்ட் லா!” என்று அவர் கோப்பிக்கடையில் புலம்புவார். அக்கா சிரிக்க மாட்டார். “கை வந்துச்சுல்ல? அப்ப பறவை இருந்துச்சுன்னு அர்த்தம்” என்பார்.

அந்த முதல் இடம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒருநாள் எதேச்சையாகத்தான் தெரிந்தது. மேட்டில் நான் களைத்துப்போய், “நீங்களும் களைச்சிருப்பீங்க, கொஞ்ச நேரம் தோ பாயோ முன்னாடி போகட்டுமே” என்று கேட்டேன். எந்தக் குழுவிலும் முறை வைத்து மாறுவதுதான் வழக்கம். முன்னால் போகிறவர்தானே காற்றை முழுசாக வாங்குகிறார்.

“வேணாம்” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பாமலேயே சொன்னார். “கடை அப்பாவோடது. வீடு தம்பியோடது. எங்க போனாலும் யாருக்காவது பின்னாடிதான் நிக்கறேன். இங்க மட்டுந்தான் எனக்கு முன்னாடி யாரும் இல்ல, ரோடு மட்டுந்தான். இத எடுத்துக்காத.”

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வருடம் அந்தப் பண்ணைச் சாலையை முழுக்கச் சுரண்டிப் புதிதாகத் தார் போட்டார்கள். வேரையும் வெட்டியிருக்க வேண்டும். வளைவு துணியை இஸ்திரி போட்டது போல ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு நாங்கள் அங்கே வந்தபோது, அக்காவின் கை தாழ்ந்தது. “பெரியம்மா!”

சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணால் தெரிகிறது, அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் என் கை நீண்டது, வாய் பெரியம்மா என்றது, சைக்கிள் ஒதுங்கியது. தோ பாயோ ஒதுங்கினார். உட்லண்ட்ஸ் இழுத்துச் சொன்னபடி ஒதுங்கினான். ஐந்து பேரும், இல்லாத ஒரு குழியைச் சுற்றி அழகாக வளைந்து போனோம். வெளியே நின்று பார்த்தவர்கள் எங்களுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

கோப்பிக்கடையில் உட்லண்ட்ஸ் கேட்டான். “அக்கா, அதான் ரோடு போட்டுட்டாங்களே?”

“பழக்கதோசம்டா” என்று சொல்லிவிட்டு அக்கா கோப்பியை ஊதினார். நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரமும் அதே கை. அதற்கடுத்த வாரமும். நாளடைவில் அது எங்கள் வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்த ஆரம்பித்தது. விரித்த உள்ளங்கையைப் பார்த்தே நாளாகிவிட்டது. கொக்குகள் இருந்தன, நான் பார்த்தேன். அக்கா காட்டவில்லை. புதிதாக விழுந்த பணியாரம் ஒன்றை அவர் காட்டாமலேயே கடந்தார், அவருடைய சக்கரமே அதில் தடதடத்தது. கடைக்குப் போனபோது, பெட்டியில் எழுதியிருந்த அளவை என்னைப் படிக்கச் சொன்னார். “கண்ணாடிய மேல வச்சுட்டு வந்துட்டேன்” என்றார். கண்ணாடி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தது. கேட்பதற்கு வாய் வரவில்லை, ஆனால் அந்த வாரத்திலிருந்து முதுகைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைத் தாண்டிச் சாலையைப் பார்த்து ஓட்டத் தொடங்கினேன்.

அது நல்லதாகப் போயிற்று. கிராஞ்சிக்குப் போகும் வழியில் ஏதோ குழாய் வேலைக்காகச் சாலையின் இடப்பக்கத்தை அடைத்து ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தடுப்பு வைத்திருந்தார்கள். இடுப்பளவு உயரம். லேசாக வெளுத்துக்கொண்டிருந்த நேரம், தடுப்பு எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அக்காவின் கை எழவில்லை. வேகமும் குறையவில்லை. நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“அக்கா, பிரேக்! பிரேக்!”

நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவர் பிரேக்கைப் பிடித்தார். பின்சக்கரம் கிறீச்சிட்டது, முன்சக்கரம் தடுப்பில் போய் முட்டி நின்றது. என் சக்கரம் அவர் சக்கரத்தை உரசியது. யாரும் விழவில்லை. அக்கா ஒரு காலை ஊன்றி, கையை நீட்டி அந்தப் பிளாஸ்டிக்கைத் தடவினார். “இது எப்ப வந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலிருந்த பேருந்து நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்தோம். அக்கா என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்த்தார்.

“நடுவுல ஒரு கறை இருக்கு. ரெண்டு கண்ணுலயும். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது, வெள்ளைக் கோட்டப் பிடிச்சு ஓட்டிடுவேன். உன் மூக்கப் பாத்தா மூக்கு இல்ல. உன் காதப் பாத்தாத்தான் மூக்கு வருது.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டான் உட்லண்ட்ஸ்.

“ஊசி போடறாங்க. இருக்கறதக் காப்பாத்தலாமாம். போனது போனதுதான் லா.”

பெடோக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தோ பாயோ பெரியவர் தலையைக் குனிந்தபடி, “சிஸ்டர், யூ கேனாட் லீட் எனிமோர்” என்றார். அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு இன்றுவரை அதற்காக நன்றியோடு இருக்கிறேன்.

“தெரியும்” என்றார் அக்கா. “இன்னைக்கு உங்க நாலு பேரயும் கொண்டுபோய்ச் செவுத்துல மோதியிருப்பேன்.” ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “முன்னாடி இல்லன்னா எனக்கு வேணாம். நான் வரல.”

அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் முதல் ஆளாகப் போனேன். எனக்கு அந்த இடம் துளியும் பிடிக்கவில்லை. முகத்தில் காற்று அறைந்தது, எதிரே பார்க்க ஒரு முதுகு இல்லை. கையை மட்டும் காட்டுவேன், வாயைத் திறக்க மாட்டேன். பெரியம்மா வளைவில் கையைக்கூட நீட்டவில்லை. இல்லாத குழிக்கு எதற்குக் கை என்று நேராகவே போனேன். எல்லோரும் நேராக வந்தார்கள். கோப்பிக்கடையில் ஐந்து பேர் உட்காரும் மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து அவரவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அக்காவின் மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டு, நடுவழியில் இறக்கிவிட்டது மாதிரி இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் கடைக்குப் போனேன். பெடோக்கின் அண்ணன் ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருந்தது. முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். அதில் என்னோடு வரச் சொன்னேன்.

“பின் சீட்டுலயா? பார்சல் மாதிரியா?” என்றார் அக்கா.

“நீங்களும் மிதிக்கணும். சும்மா உக்கார முடியாது.”

“முன்னாடி உன் முதுகு மறைக்கும்.”

“இப்ப மட்டும் என்னத்தப் பாக்கறீங்க?”

சொன்ன பிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அக்கா என் காதைப் பார்த்தார், அதாவது என்னைப் பார்த்தார். பிறகு கடை அதிரச் சிரித்தார். “பூட்டு தொறந்துடுச்சுடா!” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் வேறு சொன்னார்.

“ஒரு கண்டிசன்” என்றார். “முன்னாடி இருக்கறவ சொல்லிக்கிட்டே வரணும். குழி மட்டும் இல்ல, எல்லாத்தையும். நான் கைய நீட்டணும்னா நீ வாயத் தொறக்கணும். சரியா?”

அப்படியாக என் நிம்மதியான ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முடிவு வந்தது.

அந்தச் சைக்கிள் யானை மாதிரி கனம். முதல் திருப்பத்தில் பிள்ளையார் கோயில் தேர் போல ஆடியது. ஆனால் தாம்சன் சாலையில் ஏறியதும் எங்கள் நான்கு கால்களும் எப்படியோ ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. நான் பேச ஆரம்பித்தேன். தோசைக்கல் என்றேன், என் பின்னால் அவர் கை நீண்டது. வலப்பக்கம் லாரி என்றேன். மரத்துல குரங்கு என்றேன். எத்தனை என்று கேட்டார். குட்டியோட ஒன்னு என்றேன். கிராஞ்சி நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீர் எது பனி எது என்று பிரிக்க முடியவில்லை. எங்கிருந்தோ இரண்டு கொக்குகள் கிளம்பிப் பனிக்குள் போயின. அதையும் சொன்னேன். வெள்ளையா சாம்பலா என்றார். வெள்ளை, கால் மட்டும் கறுப்பு என்றேன். பின்னால் தோ பாயோ ஏதோ வியந்து சொல்வது கேட்டது. அவருக்கும் பின்னால் பெடோக் சத்தமாகச் சிரித்தார். அக்காவின் உள்ளங்கை விரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் நான் பார்த்துக்கொண்டே வந்த அந்தக் கையை இப்போது நான் பார்க்க முடியாது. அந்த நினைப்பில் சொல்லிக்கொண்டு வருவதை விட்டுவிட்டேன். “பூட்டிடாத” என்று முதுகில் ஒரு குத்து விழுந்தது.

மழைமரத்து வளைவு வந்தது. சாலை வழவழவென்று கிடந்தது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை, நான் சொல்லவில்லை. என் பின்னால் சைக்கிள் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.

“பெரியம்மா!”

நான் ஒதுங்கினேன். கேள்வி கேட்காமல் ஒதுங்கினேன். “பெரியம்மா” என்று நானும் சொன்னேன். பெலியம்மா என்றது பின்னால் ஒரு குரல். பிறகு திருவிழாக் குரல். கடைசியாக அந்த மெல்லிய குரல். அதற்குப் பிறகு என் முதுகில் ஒரு பெருமூச்சு பட்டது.

“அக்கா, அங்க குழி இல்ல.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“ரோடு போட்ட அன்னைக்கே. கண்ணுக்குத் தெரியலன்னா சக்கரத்துக்குமா தெரியாது?”

“அப்புறம் எதுக்குக் கை காட்டறீங்க?”

இரண்டு மூன்று மரங்கள் கடந்தன.

“திரும்பிப் பாத்தா உங்கள யாரயும் தெரியலடி. எல்லாம் கறைக்குள்ள போயிட்டீங்க. வர்றீங்களா, யாராவது விழுந்து கெடக்கறீங்களான்னு எப்படிப் பாப்பேன்? ஆள் இருக்கீங்களான்னு கேட்டா, ஏன் கேக்கறன்னு கேப்பீங்க. பெரியம்மான்னா போதும், நாலு பேரும் கத்துவீங்க. நாலும் வந்துச்சுன்னா நாலும் இருக்கு.”

அடுத்து வந்த தோசைக்கல்லைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த முறை அவரும் முதுகில் குத்தவில்லை. இருவருமாக மிதித்தோம்.

அந்தச் சைக்கிளில் நாங்கள் நிறைய ஞாயிறுகள் போனோம். பிறகு கடையைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டான், அக்கா ஜொகூரில் இருக்கும் தங்கையோடு போய் இருக்க முடிவு செய்தார். போகும்போது பின்னலிலிருந்து வாஷரைக் கழற்றி என் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டார். “அறுந்தா சொல்லு” என்றார். இன்னும் சொல்லும்படி ஆகவில்லை.

இப்போது வரிசையில் முதல் ஆள் நான். என் வாய் மூடுவதில்லை என்று தோ பாயோ புகார் சொல்கிறார். ஐந்தாவது இடத்துக்குப் புங்கோலிலிருந்து ஒரு கணக்காய்வாளர் வந்திருக்கிறார். அமைதியான பெண், வரிசையில் கடைசியாக வருவார், யாரோடும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் சேர்ந்த முதல் ஞாயிறு அந்த வளைவு வந்தபோது நான் இடது கையைத் தாழ்த்தினேன்.

“பெரியம்மா!”

தோ பாயோ சொன்னார். உட்லண்ட்ஸ் சொன்னான். பெடோக் சொன்னார். அப்புறம் ஒன்றும் இல்லை. எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, திரும்பினால் பார்த்துவிடலாம். திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன். மழைமரத்து நிழல் முடியும் இடத்தில், வெகு பின்னாலிருந்து, அர்த்தம் புரியாமல் தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

“பெரி... யம்மா?”

நாலு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மிதித்தேன்.